வளையம் வீசும் தூரம்

சென்னிமலைத் தைப்பூசத் தேருக்குப் போய்வந்த பெருந்துறைப் பிள்ளைகளுக்கு வளையக் கடையைத் தெரியாமல் இருக்காது. பொரி, கடலை, ராட்டினம் எல்லாம் தாண்டி, தேர்க்கடை வரிசையில் ஓரிடத்தில் கூட்டம் வட்டமாக நிற்கும். நடுவில் துணி விரித்து, சோப்பு, பவுடர் டப்பா, பொம்மை, கைக்கடிகாரம் என்று பரப்பி வைத்திருப்பார்கள். சுற்றிலும் கயிறு. கயிற்றுக்கு வெளியே நின்றுதான் வீச வேண்டும். பொருளைச் சுற்றி வளையம் முழுசாகப் படிந்தால் பொருள் உங்களுக்கு.

எங்கே நிற்பது என்பதை அங்கே கடைக்காரர் முடிவு செய்துவிடுகிறார். கயிறே கிடையாது, எங்கே நின்று வேண்டுமானாலும் வீசலாம் என்று சொன்னால் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? கையெட்டும் தூரத்திலா, கூட்டத்துக்குப் பின்னாலா, இரண்டுக்கும் நடுவிலா?

டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1950களில் சின்னக் குழந்தைகளிடம் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். தரையில் ஒரு முளை, கையில் சில வளையங்கள். பிடித்த இடத்தில் நின்று முளையில் மாட்ட வேண்டும். யாரும் கோடு கிழிக்கவில்லை. எதையாவது நன்றாகச் செய்து முடிக்க வேண்டும் என்ற துடிப்பு எந்தெந்தக் குழந்தைக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை வேறொரு சோதனையால் அவர் தனியாகக் கணித்து வைத்திருந்தார்.

துடிப்பு அதிகமுள்ள பிள்ளைகள் மிகத் தூரத்தில் போய் நிற்பார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றுகிறது? நடந்தது வேறு. அவர்களில் பெரும்பாலானோர் நடுத்தூரத்தில் நின்றார்கள். விழலாம், விழாமலும் போகலாம் என்ற தூரம் அது. துடிப்புக் குறைந்த பிள்ளைகள்தான் ஒன்று முளைக்கு மிகப் பக்கத்தில் நின்றார்கள், அல்லது எட்டவே எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார்கள்.

யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் நின்றால் வளையம் கட்டாயம் விழும், ஆனால் விழுந்ததில் நம் திறமை என்ன இருக்கிறது? மிகத் தூரத்தில் நின்றால் விழாது. விழாவிட்டால் யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். "அவ்வளவு தூரத்துல யாராலதான் முடியும்?" என்று விட்டுவிடுவார்கள். இந்த இரண்டு இடத்திலும் நாம் பத்திரமாக இருக்கிறோம். நடுவில் நிற்பவர்தான் வெற்றிக்கும் தோல்விக்கும் தானே பொறுப்பு என்று நிற்கிறார். கையைக் கொஞ்சம் தாழ்த்தி வீசிப் பார்க்கலாம், அடுத்த வளையத்தை மெதுவாக விடலாம் என்று கற்றுக்கொள்ளவும் அந்த இடத்தில்தான் வழியிருக்கிறது.

இதைச் சொன்னதும் பெரியவர்கள், "எங்க பையன் எந்த ரகமுங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கேள்வியை நான் ஏற்கமாட்டேன். பிள்ளைகளை ரகம் பிரிக்க இந்த ஆய்வு போதாது. கணக்கு நோட்டைக் கண்டாலே தள்ளி நிற்கிற பிள்ளை கோ-கோ மைதானத்தில் சரியான நடுத்தூரத்தில் நிற்கும். ஒரே ஆள்தான், இடத்துக்கு இடம் தூரம் மாறுகிறது. அதை மாற்றுவது எது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

மாற்றுவது உணர்ச்சிகள். பக்கத்தில் நிற்கும்போது சலிப்பு வருகிறது. மிகத் தூரத்தில் நிற்கும்போது பயம் வருகிறது, அல்லது "எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்ற விட்டேற்றி மனநிலை வருகிறது. நடுவில் நிற்கும்போது ஆவல். ஹங்கேரியில் வேர்கொண்ட மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியல் அறிஞர் சதுரங்கம் ஆடுபவர்கள், மலை ஏறுபவர்கள், நடனம் ஆடுபவர்கள் போன்றவர்களிடம் பேசி, நேரம் போவதே தெரியாமல் அவர்கள் எப்போது மூழ்கிப்போகிறார்கள் என்று கேட்டறிந்து 1975-இல் ஒரு நூல் எழுதினார். திறமைக்கும் வேலையின் கடினத்துக்கும் பொருத்தம் இருக்கும்போதுதான் அப்படி நடக்கிறது என்பது அவர் கண்டது. வேலை எளிதானால் சலிப்பு. மிஞ்சினால் கவலை.

ஆக, சலிப்பும் பயமும் நம்மைக் கெடுக்க வந்தவை அல்ல. நாம் நிற்கும் தூரத்தை அவை நமக்குச் சொல்கின்றன. பயத்தை மட்டும் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் அதற்காகத்தான் அதிகம் வெட்கப்படுகிறார்கள்.

ஆகஸ்ட் 15 காலை. பள்ளியில் கொடியேற்றியாகிவிட்டது. அடுத்து உங்கள் பேச்சு. மைக் முன்னால் போவதற்குள் நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. "அம்மிச்சி, வவுத்தக் கலக்குதுங்" என்று காலையிலேயே சொல்லியிருப்பீர்கள். அம்மிச்சியும், "ஒண்ணுமில்ல கண்ணு, தண்ணி குடிச்சுட்டுப் போ" என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

உடம்புக்குள் நடந்தது இது. மூளையின் இரு பக்கமும் உள்ளே பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்துக்கான அறிகுறிகளைக் கவனிக்கும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது எச்சரித்ததும் நரம்புகள் வழியாகச் செய்தி ஓடுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு கூடுகிறது. வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குக் கூடுதலாகப் பாய்கிறது. சாப்பாட்டைச் செரிக்கிற வேலை அப்புறம் ஆகட்டும் என்று உடம்பு ஒத்திவைக்கிறது. அதனால்தான் வாயில் எச்சில் குறைகிறது, வயிறு கலங்குகிறது. வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றங்களை விளக்கினார். சண்டை போடவோ தப்பி ஓடவோ உடம்பு செய்கிற ஏற்பாடு இது என்றார்.

பொழுது சாய்ந்த நேரத்தில் சைக்கிளில் வரும்போது நாய் துரத்தினால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். மைக் கடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். உடம்போ பழைய பாடத்தையே படிக்கிறது. பலர் முன்னால் தனியாக நிற்பதையும் அது ஆபத்துக் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

இப்போது ஒரு வியப்பான செய்தி. ஊருக்குப் போகும் நாளன்று, பஸ் வந்து நிற்கிற நொடியிலும் உங்கள் நெஞ்சு இதே மாதிரிதான் படபடக்கிறது. பயத்தின் படபடப்பும் ஆவலின் படபடப்பும் உடம்பளவில் மிக நெருக்கமானவை. ஆலிசன் உட் புரூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை வைத்து ஒரு சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார். பாடப் போகிறவர்கள், மேடையில் பேசப் போகிறவர்கள், கணக்குத் தேர்வு எழுதப் போகிறவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். படபடப்பு வந்ததும் மனசை அமைதிப்படுத்தப் பார்த்தவர்களைவிட, "எனக்கு ஆவலாக இருக்கிறது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஓடுகிற இதயத்தைச் சட்டென்று நிறுத்துவது கஷ்டம். அந்த ஓட்டத்துக்கு வேறு பெயர் வைப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

படபடப்பு அறவே இல்லாமல் இருப்பதும் நல்லதல்ல. 1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பெட்டிகளில் சரியான பெட்டிக்குள் நுழைய எலி கற்க வேண்டும். தவறான பெட்டிக்குப் போனால் மின்னதிர்ச்சி. எந்தப் பெட்டி என்று கண்டுபிடிப்பது எளிதாக இருந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் சீக்கிரம் கற்றன. கண்டுபிடிப்பது கடினமாக இருந்தபோது, நடுத்தரமான அதிர்ச்சியில்தான் சீக்கிரம் கற்றன. அதற்கு மேல் போனால் தடுமாறின. எலிகளை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவை சொல்லிப்போனதை வகுப்பறையில் பிரம்பைத் தட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. கடினமான பாடத்துக்கு மிரட்டல் சேர்த்தால் பாடம் மேலும் தூரத்துக்குத்தான் போகும்.

உணர்ச்சிகளைப் பற்றி இப்படி ஆராய்வது வெளிநாட்டில் தொடங்கிய பழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. மனசுக்குள் நடப்பது உடம்பில் வெளிப்படுவதைப் பற்றியது அது. சிரிப்பு, அழுகை, இழிவு, வியப்பு, அச்சம், பெருமிதம், கோபம், மகிழ்ச்சி என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களையும் தொல்காப்பியர் எழுதி வைத்தார். 1960களின் பிற்பகுதியில் பால் எக்மன் என்ற அமெரிக்கர் பப்புவா நியூ கினியின் மலைக்கிராமங்களுக்குப் போனார். வெளியுலகத்தோடு அதிகம் பழகாத போரே இன மக்களிடம் முகப் படங்களைக் காட்டி எந்த முகம் எந்த உணர்ச்சி என்று கேட்டார். மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் மனிதர் எல்லாருக்கும் பொது என்பது அவர் முடிவு. எல்லா அறிஞர்களும் அதை இன்று ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஆறும் நம் எட்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் பெருமிதம் அந்த ஆறில் இல்லை. தொல்காப்பியரிடம் இருக்கிறது. பெருமிதம் பிறக்கும் காரணங்களில் அவர் முதலில் வைத்தது கல்வி. வராத கணக்கு கடைசியில் வந்துவிட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தீர்களே, அந்த உணர்ச்சிதான் அது.

மெக்லெலண்டின் கதைக்குத் திரும்புவோம். துடிப்பு என்பது பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வளர்வதா என்று பார்க்க அவர் இந்தியாவுக்கே வந்தார். ஆந்திரக் கடற்கரையில் காக்கிநாடா என்ற ஊர். 1964-இல் அந்த ஊர் வியாபாரிகளுக்கும் சிறுதொழில் செய்பவர்களுக்கும் ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தின் மூலம் பயிற்சி தரப்பட்டது. அது கடன் தரும் திட்டமல்ல. இலக்கை எங்கே வைப்பது, செய்ததிலிருந்து எப்படிக் கற்பது என்பதற்கான மனப்பயிற்சி. கதை எழுதினார்கள், விளையாடினார்கள், தங்கள் தொழிலைப் பற்றித் திட்டம் தீட்டினார்கள். மெக்லெலண்டும் அவருடைய சக ஆய்வாளர் டேவிட் விண்டரும் 1969-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழில்களில் இறங்கியிருந்தார்கள், அதிக முதல் போட்டிருந்தார்கள், கூடுதல் ஆட்களுக்கு வேலை தந்திருந்தார்கள்.

இந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. மனசில் துடிப்பு இருந்தால் மட்டும் போதுமா, வாய்ப்பு வேண்டாமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் உண்மை இருக்கிறது. அதைப் பெருந்துறைக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் இந்தப் பக்கம் மானாவாரி பூமி. சோளமும் கம்பும் ராகியும் விளைந்தன. கிணற்றுக் கரையில் இரண்டு எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்து, சால் சாலாகத் தண்ணீர் எடுத்துப் பாய்ச்சினார்கள். 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கீழ்பவானி வாய்க்கால் இந்த மண்ணின் குறுக்கே ஓடியது. அதன் பிறகு நெல்லும் மஞ்சளும் விளைந்தன. வாய்க்கால் வந்ததால் மக்களுக்குத் துடிப்பு வந்தது என்று சொல்ல முடியுமா? கவலை இறைத்தவர்களைவிடத் துடிப்பானவர்கள் யார்? விளைச்சல் எட்டாத தூரத்தில் இருந்தது. அணையும் வாய்க்காலும் அதைக் கிட்டே கொண்டுவந்தன. தூரத்தைக் குறைப்பதை ஒவ்வொருவரும் தனியாகச் செய்துவிட முடியாது. சில தூரங்களை ஊர் சேர்ந்துதான் குறைக்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் பெரியவர்கள் தூரத்தைக் குறைக்கக் கையாளும் வழி பெரும்பாலும் பரிசுதான். "பர்ஸ்ட் ரேங்க் எடுத்தீன்னா சைக்கிள் வாங்கித் தர்றேன் சாமி" என்பார் அப்பா. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருப்பதை மார்க் லெப்பர் என்பவரும் அவருடைய தோழர்களும் 1973-இல் காட்டினார்கள். ஒரு மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், "படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்னாலேயே சொன்னார்கள். இரண்டாம் குழுவிடம் எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைத் தந்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் பேனாக்களைச் சும்மா மேசைமேல் வைத்துவிட்டு மறைவிலிருந்து பார்த்தார்கள். பரிசு உண்டென்று முன்னால் கேட்டுவிட்டு வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். முன்பு ஆசைக்காகச் செய்தது இப்போது கூலிக்குச் செய்யும் வேலை ஆகிவிட்டது. கூலி இல்லையென்றதும் கை நின்றுவிட்டது. சொல்லாமல் கிடைத்த பரிசு அப்படி எதையும் கெடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதனால் பரிசே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பிடிக்காத வேலையைத் தொடங்கிவைக்க ஒரு சின்னப் பரிசு உதவும். மாட்டுச் சாணி அள்ளுவதில் இயல்பாக ஆசை வைத்திருக்கும் பிள்ளை அபூர்வம். அதற்கு ஐந்து ரூபாய் தந்தால் எந்த ஆசையும் கெட்டுப்போகாது. பிள்ளை தானே விரும்பிச் செய்கிற ஒன்றுக்கு விலை பேசும்போதுதான் யோசிக்க வேண்டும்.

எந்தப் பரிசும் இல்லாமல் ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குப் பக்கத்து ஊரிலேயே பிறந்தவர் ஒருவர் இருக்கிறார். கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். ஏறத்தாழப் பதினாறு வயதில் அவர் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேய ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகத் தொகுத்தது. ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் வரிசையாக இருக்கும். எப்படி வந்தது என்ற நிரூபணம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சுருக்கமாக இருக்கும்.

நம்மில் பலருக்கு அது எட்டாத் தூரம். ராமானுஜனுக்கோ சரியான நடுத்தூரமாக அமைந்துவிட்டது. போய்ச் சேர வேண்டிய இடம் தெரிகிறது, வழியை அவரே போட வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டார். போகிற வழியில் புத்தகத்தில் இல்லாதவையும் தென்பட்டன, அவற்றையும் எழுதினார். இதற்காக யாரும் அவருக்குப் பதக்கம் தரவில்லை. கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கவனிக்காததால் கல்லூரியில் கிடைத்துவந்த உதவித்தொகையும் போயிற்று. அந்த அவமானத்தில் 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். மேதைக்கும் மனசு அப்படி நொந்திருக்கிறது. எதன் மீது ஆசை என்பதைக் கேட்காமல் எல்லாரையும் ஒரே கயிற்றுக்குப் பின்னால் நிற்கவைத்தால் எவ்வளவு பெரிய துயரம் வரும் என்பதை அவர் வாழ்க்கை எனக்கு உணர்த்துகிறது. 1913-இல் அவர் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு கப்பலேறினார். தனியாகக் கண்டுபிடித்தவருக்கும், நிரூபணம் எழுதும் முறையைக் கற்றுத்தர ஒரு தோழர் தேவைப்பட்டார்.

ராமானுஜன் அந்தப் புத்தகத்தோடு செய்ததை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். கணக்குப் புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கும். இன்னும் நடத்தாத பயிற்சியில் ஒரு கணக்கை எடுத்து, விடையை முதலில் பார்த்துவிடுங்கள். நோட்ஸையும் கைடையும் திறக்க வேண்டாம். அந்த விடைக்கு எந்த வழியாகப் போகலாம் என்று பென்சிலால் போட்டுப் பாருங்கள். உடனே வந்துவிட்டால் அது உங்களுக்குப் பக்கத்துக் கணக்கு, இரண்டு கணக்குத் தள்ளிப் போங்கள். கண்ணைக் கட்டிவிட்டாற்போல் இருந்தால் முன்னால் உள்ள எடுத்துக்காட்டுக்கு வாருங்கள். பாதி வந்து நின்றுவிட்டால் அதுதான் உங்கள் கணக்கு, அதை அழிக்காதீர்கள். எந்த வரியில் நின்றுபோனீர்களோ அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, மறுநாள் காலையில் டீச்சரிடம் கொண்டுபோய், "இதுவரைக்கும் வந்துட்டேனுங் டீச்சர்" என்று காட்டுங்கள்.